கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சான்றிதழ்

வருடத்துக்கு ஒரு முறை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அரசாங்கத்திடம் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம், அம்மாவும் போன பின், மணமாகாத மகள் என்ற முறையில் எனக்கு வருகிறது. கல்யாணம் செய்துகொண்டால் நின்றுவிடும். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு வருமானம் கிடையாது.

சான்றிதழ் தருபவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர். என்னைவிட இருபது வயது சின்னவர். 'அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் மேற்படியாருக்குத் திருமணம் ஆகவில்லை' என்று எழுதி முத்திரை வைப்பார். அக்கம்பக்கம் அதை விசாரிக்காத நாள் ஒன்று உண்டா என்ன? அகவிலைப்படி உயர்ந்ததாகப் பேப்பரில் வந்தால், எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி கணக்குப் போட்டுவிடுவாள். "ஒண்டிக்கட்ட, ஒனக்கென்ன செலவு?" என்பாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன வருடம் திருக்கடையூரில் ஓர் உறவுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். கணவன், மனைவி இருவருமே ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள். வீட்டுக்கு இரண்டு பென்ஷன். திரும்பும் பஸ்ஸில் பேச்சுத் துணைக்குக் கிடைத்தவர் தூரத்துச் சொந்தம். மனைவியை இழந்தவர். திருவிடைமருதூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார். அதன் பிறகு போனில் பேச ஆரம்பித்தோம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்க ஓர் ஆள் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?"

"பென்ஷன் நின்னுடுமே."

"நிக்கட்டுங்க. நெல்லு இருக்கு, பாத்துக்கலாம்."

அறுவடை முடியட்டும் என்றேன். அதுவரை உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அறுத்த சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்திருந்த நெல், மூடிய படுதாவுக்கு அடியிலேயே முளைத்துவிட்டது. நெல் இருக்கிறது என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. நானும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பென்ஷனையும் வாங்கிக்கொண்டிருக்கும் துணிச்சல் எழுத்தர் மகளுக்கு வரவில்லை.

இந்த வருட ஓய்வூதியர் நேர்காணலுக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கருவூலம் வரை அவர்தான் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"கல்யாணம் ஆகலைதானேம்மா?"

வருடா வருடம் எரிச்சலோடு சொல்லும் பதில்தான். இந்த முறை அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "ஆகலை" என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் விரலால் காட்டினாள்.

வெளியே அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாங்க?"

"அடுத்த வருஷம் வரைக்கும் முடிஞ்சுது."

அவர் மொபெட்டைக் கிளப்பினார். வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். சரி என்று ஏறிக்கொண்டேன். ஊருக்கு ஒரு மைல் முன்னால், வாய்க்கால் மதகு வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள்.