தலைவர் போட்ட ஸ்விட்ச்

பிளாஸ்டிக் குப்பையிலிருந்து எண்ணெய் எடுப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. காற்றுப் புகாத டிரம்மில் போட்டு மூடிச் சூடேற்றினால் உருகும், ஆவியாகும். அந்த ஆவியைச் செம்புச் சுருளில் குளிரவைத்தால் எண்ணெய் சொட்டும். அதை உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், தாளாளரின் கண்ணில் படாமல் செய்து முடிப்பதுதான் வித்தை. எனக்கு அது வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். நான் அங்கே வேதிப் பொறியியல் விரிவுரையாளர். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் என் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக்கூடம். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த டிரம், மேலே குழாய், பக்கத்தில் சுருள். பார்த்தால் சாராயம் காய்ச்சுகிற இடம் மாதிரியேதான் இருக்கும். ஒருமுறை கான்ஸ்டபிள் ஒருவர் வந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

பால் கவர் பொறுக்கிக் கழுவித் தர ஓர் அம்மா வருவார். என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் காலனிக்காரர், நடவும் களையெடுப்பும் இல்லாத நாட்களில்தான் எனக்குக் கிடைப்பார். "இன்னா டீச்சரே, குட்ச்சிட்டுக் கடாசின கவர கழுவிக்கினு ஒக்காரத்துக்கா இவ்ளோ படிச்சீங்கோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

கவரோடு ஒரு படிகத்தூளும் டிரம்முக்குள் போகவேண்டும். போகாவிட்டால் எண்ணெய்க்குப் பதில் மெழுகுதான் வரும், சுருள் அடைத்துக்கொள்ளும். அந்தப் படிகத்தை வளர்த்ததுதான் என் ஆராய்ச்சியின் உயிர். எஃகுக் குப்பியில் கரைசலை அடைத்து, கரண்ட் அடுப்பில் நாள்கணக்காக ஒரே சூட்டில் வைத்தால், மாவு போலப் பொடிப்பொடியாக வளரும். நடுவில் கரண்ட் போனால் போச்சு, கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. வருஷக்கணக்காக வளர்த்தும் ஓர் ஊறுகாய் பாட்டில்கூட நிறையவில்லை. என் மகள் நடை பழகும்போது தொடங்கிய ஆராய்ச்சி, அவள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கெடு வைத்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை மிஷினை ஓட்டிக் காட்டும்மா. மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலைன்னா பதிவு ரத்தாயிடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது." பாட்டிலில் இருந்த படிகமும் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் வரும்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், நம்ம மிஷினுக்குத் தொறப்பு விழா இன்னும் வெக்கலையாமே?"

"ஐயா, அது ரெண்டு வருஷமா ஓடிட்டுதானே இருக்கு?"

"அத்தான் சொல்றேன். தொறக்காமலே ஓடிக்கினு கீது. நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

கட்சித் தலைவர் ஒருவர் வருவதாக ஏற்பாடாகிவிட்டது. தலைவர் முன்னால் எண்ணெய் சொட்டியே ஆகவேண்டுமாம். சரி, விழாவோடு விழாவாக என் கடைசி ஓட்டத்தையும் முடித்துவிடலாம் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பாட்டிலைத் தட்டித் தட்டி ஒரு துளி விடாமல் டிரம்முக்குள் கொட்டினேன்.

ஃப்ளெக்ஸ் பேனர் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்த புதுசு. பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி கேட் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் தலைவர் சிரித்தார். அவர் காலடியில் தாளாளர் கும்பிட்டார். மூலையில் என் இயந்திரத்தின் படம் என்று போட்டிருந்தது ஏதோ வெளிநாட்டுச் சுத்திகரிப்பு ஆலை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சால்வைகள். பிளாஸ்டிக்கை ஒழிக்கிற விழாவில் ஒரே பகலில் சேர்ந்த குப்பை, கவர் பொறுக்கும் எங்கள் அம்மா ஒரு வருஷம் பொறுக்கினாலும் சேராது.

காலையில் வருவதாகச் சொன்ன தலைவர் சாயங்காலம் வந்தார். வெள்ளித் தட்டில் பால் கவர்களை அடுக்கி நீட்டினேன். அவர் அதைத் தொடாமல் மைக்கைப் பிடித்தார். "எவன் வூட்டுக் குப்பையையோ நான் ஏன் போடணும்? என் பேனரே மொதல்ல உள்ள போகட்டும்!" என்றார். விசில் பறந்தது.

பால் கவர் வேறு, ஃப்ளெக்ஸ் வேறு. ஃப்ளெக்ஸைச் சூடாக்கினால் ஆசிட் புகை வரும், படிகத்தை அரித்துத் தின்றுவிடும். ஆனால் தொண்டர்களுக்கு வேறு கவலை. தலைவர் முகத்தைப் போய்க் கொளுத்துவதா? கத்தரிக்கோல் கொண்டுவந்து, முகத்தை மட்டும் வட்டமாக வெட்டியெடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்துப் பையில் வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் டிரம்முக்குப் போனது. தன் பேனர் மட்டும் வெளியே நிற்பதா என்று வட்டம், கிளை, மகளிர் அணி என எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு கொண்டுவந்து திணித்தார்கள்.

"ஐயா, இதைப் போடக் கூடாது! ஆசிட் வரும்!" என்று தாளாளர் காதில் கத்தினேன்.

"வர்றது வரட்டும் மேடம். மொதல்ல போட்டோ முடியட்டும்" என்று பல்லைக் காட்டியபடியே சொன்னார்.

டிரம்மை மூடினார்கள். தலைவர் ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டார். போட்டோவும் முடிந்தது. நான் பாய்ந்துபோய் அணைக்கப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே வந்து கையை விரித்தார். "இன்னாம்மா நீ, தலைவர் கையால போட்ட ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுவாங்களா? அபசகுனம்மா." சுற்றி நின்ற எல்லாரும், எங்கள் கல்லூரி முதல்வர் உட்பட, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அடப் பாவிகளா! வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷர் அவர்.

எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து குழாயின் மூட்டு மூட்டாக வெள்ளைப் புகை கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. முதலில் ஓடியது தலைவர், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகள். அதற்குப் பிறகு ஸ்விட்சை அணைக்க எனக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. மறுநாள் டிரம்மைத் திறந்தால் உள்ளே கரிக்கட்டி. சுருள் பச்சை பூத்திருந்தது. கரியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன். மாசம் முடிந்தது, பதிவு ரத்தானது.

பேப்பரில் என்னவோ 'பேனரிலிருந்து பெட்ரோல்' என்று வந்திருந்தது. தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே என்னைப் பாராட்டிக் கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ஆளுயரத்துக்கு என் முகம். பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'முனைவர்'. அந்த கேட் வழியாகத் தினமும் தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தேன்.

அதை இறக்கியபோது, "எனுக்குக் குடுங்கோ டீச்சரே, ஆட்டுக் கொட்டா ஒழுவுது" என்று அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் பஸ்ஸுக்குப் போகையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் வீடு பக்கத்தில்தான். "இங்க வாங்கோ டீச்சரே, வூட்டவிட இது தேவல" என்று ஆட்டுக் கொட்டாய்க்குள் இழுத்தார். "வெயில்ல சாயம் பூடும்னு எழுத்த உள்பக்கமா திருப்பிப் போட்டுக்கீறேன். பாருங்கோ."

அண்ணாந்து பார்த்தேன். சாயம் கொஞ்சமும் போகவில்லை. என் முகம், என் பெயர், அதற்கு முன்னால் முனைவர். ஆடுகள் அதன் கீழே நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. என் கன்னமெல்லாம் நனைந்துவிட்டது.

"அய்யய்யோ, அங்க ஒழுவுதா டீச்சரே?" என்று பதறிப்போய், அந்த அம்மா கையை உயர்த்திக் கூரையைத் தடவித் தடவிப் பார்த்தார்.