குலுங்காத வண்டி

கம்போங் தோம் பக்கத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் இழுக்கும் ரெமோர்க் வண்டி எது வந்தாலும் அரை மைல் தள்ளியே காதுக்குத் தெரிந்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்கு மேல் ஓர் இரும்பு முளை. அதன்மேல் இழுவண்டியின் கழுத்துக் குழாய் வந்து உட்காரும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருப்பதால், பள்ளத்துக்குப் பள்ளம் கழுத்து எழும்பி டங்கென்று விழும். வன்னாக்கின் வண்டி மட்டும் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அவனுடைய அக்கா குந்தியா இதைச் சொல்லிக் கேட்காத ஆள் சந்தையில் கிடையாது.

அப்பா இறந்தபோது வன்னாக்குக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாலு. அவனை வளர்த்தது அவள்தான். நெடுஞ்சாலை ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டு, பழைய கொரிய மோட்டார் சைக்கிள் ஒன்றோடு திரும்பி வந்தான். இழுவண்டியை அவனே கட்டினான். மூன்று மீட்டர் நீளப் பலகை, ஒரே அச்சு, இரண்டு சக்கரம். காலையில் சந்தைக்குப் போகும் பெண்கள், மத்தியானம் பன்றி, சாயங்காலம் செங்கல்.

ஏறுகிறவர்களை எடை பார்த்துத்தான் உட்காரவைப்பான். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் கழுத்து மேலே தூக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அதனால் பருத்தவர்கள் அச்சுக்கு முன்னால், ஒல்லியானவர்கள் பின்னால். மீன் விற்கும் ஹெங் மாமாவின் மனைவி ஒவ்வொரு நாளும் சொல்வாள்: "எம் புருஷன்கூட என்னை இப்படி ஏற இறங்கப் பார்த்ததில்லப்பா." வன்னாக் சிரிக்காமல், "முன்னாடி வாங்க அத்தை, இன்னும் முன்னாடி" என்பான்.

அவன் மனைவி தாவி முதல்முறை ஆறாம் மாதத்தில் குழந்தையை இழந்தாள். தாய்வீட்டிலிருந்து அந்த வண்டியில் வந்து இறங்கிய மறுநாள் அது நடந்தது. இரண்டாம் முறை ஐந்தாம் மாதம். அப்போதும் நாற்று நட்டுவிட்டு அதே வண்டியில்தான் வந்திருந்தாள். குலுக்கலில் கருப்பை கழன்றுவிட்டது என்று கிணற்றடிப் பெண்கள் சொன்னார்கள். வன்னாக் அதை மறுக்கவில்லை. அப்போது அவன் வண்டியும் மற்றவற்றைப் போலத்தான் குலுங்கும். முளையைப் பிடித்துக் கொஞ்சநேரம் ஆட்டிப் பார்த்தான். அது கடகடவென்று ஆடியது.

மூன்றாம் முறை தாவி உண்டானபோது வேலையைத் தொடங்கினான். பிரசவத்தை அங்கே ஆறு கடப்பது என்பார்கள். தாவி கடக்க வேண்டியது இருபத்திரண்டு கிலோமீட்டர். மாவட்ட மருத்துவமனை அவ்வளவு தூரத்தில் இருந்தது. முதலில் முளையைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பரை வைத்தான். நாலு நாளில் தேய்ந்தது. லாரி டயரை வட்டமாக வெட்டி மேலும் கீழும் செருகினான். அச்சை நாலு விரற்கடை பின்னால் தள்ளி வெல்டு வைத்தான். கடைசியில் கழுத்துக் குழாயை நடுவில் அறுத்து, பழைய வாகனத்திலிருந்து எடுத்த, அதிர்வு தாங்கும் பட்டை வில் ஒன்றை இடையில் கோத்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பலகையில் புளிக்குழம்புக் கிண்ணம் ஒன்றை வைத்து, குந்தியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலம்வரை ஓட்டுவான். சிந்தினால் எந்த இடத்தில், எவ்வளவு என்று அவள் சொல்லவேண்டும்.

"குழம்பு சிந்தினாலும் பரவாயில்ல, மீன் துண்டு எனக்கு" என்று ஹெங் மாமா பாலத்தடியில் சோற்றுத் தட்டோடு காத்திருப்பார்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் மெதுவாகப் போகவேண்டும். ஆள் ஓடுகிற வேகம், அதற்குமேல் கூடாது. குந்தியா அன்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை பெற்றவள் உடம்புச் சூட்டுக்காக அடியில் நெருப்பு மூட்டிப் படுக்கும் மூங்கில் கட்டிலையும் அன்றே கட்டி முடித்தாள். விறகு பிளந்து அடுக்கினாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாவிக்கு வயிறு கல்லாக இறுகியது. ரத்தம் போயிற்று. பலகையில் பாய்மேல் பாயாக மூன்று பாய் விரித்து, அச்சுக்கு ஒரு சாண் முன்னால் அவள் இடுப்பு வரும்படி படுக்கவைத்தார்கள். குந்தியா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வன்னாக் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, சக்கரம் போக வழி கண்டபிறகே நகர்ந்தான். வண்டி படகு போலப் போனது. அவ்வளவு வலியிலும் தாவியே சொன்னாள்: "ஆடவே இல்ல."

பாதி வழிக்குக் கொஞ்சம் முன்னால் தெரிந்த பையன் ஒருவன் தன் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அக்காவும் தானுமாகத் தாவியை நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டால் இருபது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்றான். வன்னாக் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"வேணாம், அதுல குலுங்கும்" என்றாள் குந்தியா. "நீ மெதுவாவே போ தம்பி."

மற்ற வண்டிகளுக்கு முக்கால் மணி நேரமாகும் வழி அது. அவர்களுக்கு இரண்டேகால் மணி நேரமாயிற்று.

ஆண் குழந்தை. முழு வளர்த்தி, நகம்கூட முளைத்திருந்தது. அழவில்லை. தாவி பிழைத்தாள். வன்னாக் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது மருத்துவச்சி குந்தியாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்தாள். உள்ளே நஞ்சுக்கொடி முன்னாலேயே கழன்றுவிட்டது, அது தானாக வருவது, குலுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டாள். குந்தியா சொன்னாள். மருத்துவச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு இப்பத்தான் நின்னிருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா அறுத்து எடுத்திருப்போம்."

குந்தியா அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்பதால், ஊர் வந்ததும் கட்டிலுக்கடியில் நெருப்பு மூட்டினார்கள். தாவி நாள்தோறும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன்மேல் படுத்திருந்தாள். பால் கட்டி மார்பு வீங்கியது. மிளகும் உப்பும் போட்ட சோற்றைக் குந்தியா ஊட்டினாள். தாவி வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள்.

வன்னாக் நாலாம் நாள் முளையைக் கழற்றினான். வழியில் இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, குலுங்கினது இங்கேயா, கோவில் வளைவிலா, செங்கல் சூளைக்கிட்டேயா என்று அக்காவைக் கேட்டான். எங்கேயும் இல்லை என்றாள். அவன் நம்பவில்லை. இரண்டாவது பட்டை வில் ஒன்றை வாங்கிவந்து அராவ ஆரம்பித்தான். பதினாறு நாள் அராவினான். சந்தைப் பெண்கள் வேறு வண்டியில் போனார்கள். குந்தியா யாரிடமும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

பதினேழாம் நாள் அடுத்த தெரு மாலிஸ் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, புருஷனோடு வந்து வேலிப்பக்கம் நின்றாள். எட்டு மாதம். துக்க வீடு என்று தயங்கித் தயங்கிப் பேசினாள். வலி வந்தால் இந்த வண்டியில்தான் போகவேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம், வேறெந்த வண்டியும் இப்படிக் குலுங்காமல் போகாதாம்.

வன்னாக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். அத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது. "நான் கூட்டிட்டுப் போறேம்மா. ரெண்டு வில்லு வெச்சிருக்கேன். போன தடவையவிட மெதுவா ஓட்டுவேன். மூணு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், உடம்பு அசையாது."

மாலிஸ் கைகூப்பினாள். குந்தியா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். உள்ளே தாவி விழித்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"வேகமாக் கூட்டிட்டுப் போ" என்றாள் குந்தியா தம்பியிடம்.

"குலுங்குமே அக்கா."

"குலுங்கட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. மாலிஸின் புருஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனைவியின் தோளைத் தொட்டுத் தெருப்பக்கம் நடத்திக் கொண்டுபோனான்.

"எவ்வளவு நேரம் பிந்திட்டோம் அக்கா?" என்றான் வன்னாக், அவர்கள் போனபிறகு.

"ஒரு மணி நேரம்" என்றாள் குந்தியா. "அந்தப் பையனை வேணாம்னதும் நான்தான். மெதுவாப் போகச் சொன்னது நான்."

வன்னாக் அரத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். உள்ளே மூங்கில் கட்டில் கிறீச்சிட்டது. தாவி சுவர்ப்பக்கத்திலிருந்து புரண்டு படுத்த சத்தம்.