ஓட்டை விழுந்த ரத்தம்

என் ரத்தத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு காலத்தில் முழு மனதோடு நம்பியிருக்கிறேன். யாரோ சொல்லிக் கேட்டதல்ல, கண்ணால் பார்த்தது. நல்ல வட்டமான, சுத்தமான ஓட்டைகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒவ்வொன்றின் வழியாகவும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி தெரிந்தது. இப்படிப்பட்ட ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நாள் நடமாட முடியும் என்று பத்து வயதில் நான் போட்ட கணக்கு, கணக்குப் பாடத்தில் நான் வாங்கிக்கொண்டிருந்த மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் அத்தா, அதாவது என் தகப்பனார், தைலக்கடை வைத்திருந்தார். யூகலிப்டஸ் தைலம், மிளகு, காபிக்கொட்டை என்று ஊர் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப்போகிற சாமான்கள். எந்த நோயும் தன் தைலத்தைத் தாண்டி வராது என்பது அத்தாவின் நம்பிக்கை. அந்த மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை வலி வந்தது. தைலம் தேய்த்தார். வலி போனது, போன கையோடு திரும்பி வந்தது. மறுபடி தேய்த்தார். நான் பள்ளிக்கூடம் போனால் வகுப்பே தும்மியது. பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு, முழங்காலும் வலிக்கிறது என்று சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. காரணம் சேலத்தில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை. சிறு பெண்ணாக இருந்தபோது அவளுக்கும் இப்படித்தான் தொண்டையில் ஆரம்பித்து, முழங்காலுக்கு வந்து, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் மேடு ஏறும்போது பாதி வழியில் ஒரு கல்லில் அமர்ந்துவிடுவாள். அந்த இடத்திலிருந்து பார்ப்பது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நானும் கூடவே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

டாக்டர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, சேலத்தில் பரிசோதனை செய்து வரச் சொன்னார். சேலத்தில் லேப் வேலையில் இருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஏற்காடு ஏரியின் அடியில் பெரிய அடைப்பான் ஒன்று இருக்கிறது, வருஷத்தில் ஒரு நாள் அதைப் பிடுங்கித் தண்ணீரை மாற்றுவார்கள் என்று ஒரு முறை சொன்னார். அந்த நாள் என்று அவர் சொன்ன நாளில் காலை முழுவதும் நான் கரையில் காத்திருந்தேன். மனிதர் அப்படிப்பட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு நீளக் குச்சியின் முனையில் பஞ்சு. வாயைத் திறக்கச் சொல்லி அதை என் உள்நாக்குக்குப் பின்னால் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். எனக்குக் குடலே மேலே வந்தது. குச்சியைக் குழாய்க்குள் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது கையில் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அம்மா ஆசையாகத் திறந்தாள். உள்ளே மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டு, சுற்றிலும் பிளாஸ்திரி, தட்டு நிறைய உறைந்த ரத்தம்.

மாமா அதை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். “பாருங்க மச்சான், உங்க தைலத்துக்கு அடங்காத ஆளு இவந்தான்” என்று அத்தாவிடம் காட்டினார். ரத்தத்தின் மேல் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஓட்டை. புள்ளிதான் கிருமி என்றார். அது ஒரு விஷத்தைக் கக்குமாம். ரத்தத்தில் இருக்கிற செல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தோல் மாதிரி ஒரு சவ்வு உண்டு, விஷம் போய் அதில் துளை போடும், செல் உடையும், சிவப்பெல்லாம் கொட்டிப்போய் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில், முதல் சம்பளம் வாங்கியவனின் களை இருந்தது.

அத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். “மூடி வை மாப்ள. சோறு திங்கற ஊடு இது” என்றார். அந்த டிபன் பாக்ஸை அம்மா பிறகு அடுப்படிக்குள் விடவே இல்லை. கடையில் தைலப் பாட்டில் மூடிகள் போட்டு வைக்க அத்தா எடுத்துக்கொண்டார்.

மாமா எடுத்தது என் தொண்டையில். ஆகவே தட்டில் இருப்பது என் ரத்தம். ஒரு பஞ்சுக் குச்சியில் இத்தனை ரத்தம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே எடுத்த ரத்தமே இப்படி என்றால் உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்பதில் என் புத்தி முழுவதும் போய்விட்டது. அன்றிலிருந்து ஓடுவதை நிறுத்தினேன். குதிப்பதை நிறுத்தினேன். சிரித்தால் வயிறு குலுங்குகிறது என்று சிரிப்பையும் நிறுத்தினேன். ஒழுகுவதை ஈடுகட்டச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன், பிறகு ஒவ்வொரு முறையும் சிவப்பாகப் போகிறதா என்று குனிந்து பார்த்தேன். பையன் திடீரென்று அடக்கமாகிவிட்டான் என்று அத்தா பூரித்துப்போனார். அம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

சில நாள் கழித்து மாமா கொண்டுவந்த லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார். மாலையில் போடவேண்டும் என்று அம்மா சொன்னபோது எனக்கு மூச்சே நின்றது. ஓட்டை வாளியை அடைக்க யாராவது ஆணி அடிப்பார்களா?

மத்தியானம் அம்மா தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து நழுவினேன். பஸ் ஸ்டாண்டில் மஞ்சக்குட்டை கிராமத்துக்குப் போகும் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. அது எங்கே போகிறது என்பது முக்கியமில்லை, ஊசி இல்லாத இடத்துக்குப் போனால் போதும். சந்தைச் சாமான் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். உடம்பு குலுங்கக் கூடாது என்று இத்தனை நாள் பூனை மாதிரி நடந்தவன், தப்பிப்பதற்காகத் தேர்ந்தெடுத்தது மலையிலேயே அதிகம் குலுங்குகிற வண்டியை என்பது முதல் பள்ளத்தில்தான் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதோ சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. குடித்த தண்ணீர். நான் ரத்தம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் ஊர் திரும்புகிற ஒரு விவசாயி அம்மா. “யார் ஊட்டுக் கண்ணு நீயி?” என்று கேட்டார். பேசினால் இன்னும் ஒழுகும் என்று பேசாமல் இருந்தேன். பிறகு தாங்கமுடியாமல், “ஒடம்புக்குள்ள ஓட்டை விழுந்தா பொழைக்க முடியுங்களா?” என்றேன்.

அவர் பதறிப்போய் என் சட்டையைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். காயம் ஒன்றும் இல்லை. குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

“ஏனுங்க டிரைவரு, இது தைலக்கடை பாய் ஊட்டுப் பையனுங்க. இந்த வாசம் வேற யாரு மேல அடிக்கும்? ஒடம்பெல்லாம் ஓட்டைங்கறான்.”

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒழுகுனா தைலந்தான் ஒழுகும். கடையில குடுத்தா பாய் பாட்டில்ல புடிச்சிருவாரு” என்றார். ஜீப் முழுக்கச் சிரித்தது. மஞ்சக்குட்டையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, என்னை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

இங்கே, வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவிர வேறெதற்கும் சாத்தாத கடையை அத்தா சாத்தியிருந்தார். மாமா பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஏரிக்கரையோரமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள். அம்மா என்னைக் கண்டதும் அடி விழும் என்று தயாராக நின்றேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள், நேரே டாக்டரிடம் நடந்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அத்தாவும் மாமாவும் பின்னாலேயே வந்தார்கள்.

ஊசியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “எனக்கு ஏற்கெனவே ரத்தமெல்லாம் ஓட்டைங்க. இன்னொன்னு போட்டா மொத்தமும் போயிருமுங்க.”

டாக்டர் மாமாவைப் பார்த்தார். நான் அறிந்தவரை முதல் முறையாக மாமா சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“கண்ணு, அது ஆட்டு ரத்தம். கிருமி வளக்கறதுக்கு லேப்ல ஊத்தி வெக்கறது. உன்ற ரத்தம் உன்கிட்டயேதான் இருக்குது.”

“ஏரிக்கு அடைப்பான் இருக்குதுன்னு சொன்னீங்களே, மாமா.”

அத்தா காலைப் பிடித்தார், மாமா தோளைப் பிடித்தார். முதலில் கையில் ஒரு சின்னச் சோதனை ஊசி, பிறகு இடுப்பில் அந்தப் பெரியது. வீட்டுக்கு வந்து குப்புறப்படுத்துச் சாவதற்காகக் காத்திருந்தேன். காலையில் பசித்தது. இட்லி சாப்பிட்டேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. சில நாளில் முழங்கால் வலியும் போய்விட்டது, இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போனில் பேசும்போது அன்று தனக்கே தெரியாத பாதியைச் சொன்னார். தட்டில் இருந்தது ஆட்டு ரத்தம்தான். ஆனால் என் தொண்டையிலும் அதே கிருமி அதே விஷத்தைக் கக்கிக்கொண்டுதான் இருந்தது, அங்கிருந்த செல்களின் சவ்விலும் ஓட்டை விழுந்துகொண்டுதான் இருந்தது. சில செல்கள் செத்தன. மற்றவை அப்படியே விட்டுவிடவில்லை. ஓட்டை வழியாக வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாய்ந்தால் செல்லுக்கு அதுவே அபாயச் செய்தி. ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் குமிழியாகப் பிதுக்கி, கிள்ளி, வெளியே எறிந்துவிட்டு மீதிச் சவ்வை ஒட்டிக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். விஷம் மறுபடி துளைத்தால் மறுபடி கிள்ளி எறியும்.

ஊசி கிருமியைக் கொன்றது. அதற்கு முன்னாலேயே, மஞ்சக்குட்டை ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், என் செல்கள் தங்கள் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தன.