விரிப்பு கலையாத கட்டில்கள்

எங்கள் ஆஸ்பத்திரி பிழைத்துக்கொண்டது என்று மைசூரில் தெரிந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். பிழைத்தது உண்மைதான். பிரசவ வார்டு பிழைக்கவில்லை. அதை மூட வைத்ததில் என் பங்கு என்ன என்பது இதுவரை இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான்.

அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டராக நான் இருந்தேன். மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களான எங்கள் சமூகத்துப் பெரியவர்கள் கூடிக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. ஓட்டுக் கூரை, நீள வராந்தா, பின்னால் ஒரு ஜெபக்கூடம். தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து பெண்கள் முதல் பஸ் பிடித்து வருவார்கள். ரிங் ரோடு ஓரத்தில் கட்டட வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் சிமெண்ட் ஒட்டிய கையோடு வந்து நிற்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இல்லாத எந்த வசதியும் எங்களிடம் கிடையாது. "எங்கேம்மா வலிக்குது?" என்று தமிழில் கேட்க ஆள் இருந்தது. அதற்காகத்தான் வந்தார்கள்.

கூரை ஒழுகியது. புதிதாக வந்த டாக்டர்கள் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை. இனி மூட வேண்டியதுதான் என்று பேச்சு முற்றியபோது, பெங்களூருவில் இருக்கும் ஒரு டிரஸ்ட் ஏற்று நடத்த முன்வந்தது. எந்த வார்டு வேண்டும், எது வேண்டாம் என்று நேரில் பார்த்து முடிவு செய்ய மூன்று பேர் வருவதாகக் கடிதம் போட்டார்கள்.

முந்தின நாள் எங்கள் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர்.

"சிஸ்டர், நாளைக்கு ஒண்ணும் ஜோடிக்க வேணாம். எப்பவும் எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும். ஆயித்தா, புரிஞ்சுதா?"

"சரி டாக்டர்" என்றேன். ஆம்பளைக்கு வார்டைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலே எனக்குச் சோறு இறங்காது. சின்ன நர்ஸுகள் என்னைக் கண்டு நடுங்கியதற்கும் அதுதான் காரணம்.

'விசிட்' என்றால் எங்களுக்கு ஒரே முறைதான். ஆயர் வந்தாலும் சரி, அதிகாரி வந்தாலும் சரி. பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நல்ல விரிப்புகள் வெளியே வரும். நடக்க முடிந்த நோயாளிகளை ஜெபக்கூடத்துக்கு அனுப்பிவிடுவோம். வந்தவர்கள் போன பிறகுதான் அவர்கள் கட்டிலுக்குத் திரும்பலாம். நோயாளி படுத்தால் விரிப்பு கசங்கிவிடும் என்று கவலைப்பட்ட ஆஸ்பத்திரி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் படித்து வந்த நாளிலிருந்து இப்படித்தான். யாரும் இது தப்பென்று சொன்னதில்லை.

அவர்கள் வரும் நாள் காலை வார்டு நிரம்பி வழிந்தது. கட்டில் போதாமல் இரண்டு பேருக்குத் தரையில் பாய் போட்டிருந்தோம். ஜன்னல் கம்பியெல்லாம் குழந்தைத் துணி. யாரோ மாமியார் கொண்டுவந்த பூண்டுக் குழம்பு வாசனை வராந்தா வரைக்கும் அடித்தது. இதைப் போய் பெங்களூருக்காரர்கள் பார்ப்பதா என்று எனக்கு உடம்பு கூசியது. மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய இரண்டு பேரை அன்றே அனுப்பிவைத்தேன். மற்றவர்களைப் பிள்ளைகளோடு எழுப்பி ஜெபக்கூடத்துக்கு அனுப்பினேன். தையல் போட்ட வலியோடு சுவரைப் பிடித்து நடந்த மார்டள்ளிப் பெண் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், எங்களப் பாத்தா அவிங்களுக்கு ஆகாதுங்களா?"

"பத்தே நிமிஷம்மா, பெரியவங்க வராங்க" என்றேன்.

லேபர் ரூமிலும் அந்த நேரம் யாருக்கும் வலி இல்லை. அது ஒன்றுதான் தற்செயல். மற்றதெல்லாம் என் கைவேலை.

மூன்று பேரும் பெரிய டாக்டரோடு உள்ளே வந்தார்கள். வரிசையாக வெள்ளைக் கட்டில்கள். அவர்களில் ஒரு அம்மாள் கட்டில் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "தும்ப நீட்டாகிதே" என்று கன்னடத்தில் சுத்தத்தைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவர், நோயாளிகள் யாரும் இல்லையா என்று கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "இன்னைக்குக் கொஞ்சம் கம்மி மேடம்" என்றேன். பெரிய டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனார். பிறகு அவருடைய அறையில் பிரசவ ரெஜிஸ்டரைக் காட்டினாராம். ஏட்டில் எதையும் எழுதலாம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள்.

முடிவு வந்தது. ஆஸ்பத்திரி தொடரும். கண் சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பிரசவ வார்டுக்கு ஆட்கள் வருவதில்லை, அதனால் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். வேலை போகாது என்று சமையல்கார அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். என்னைக் கண் வார்டுக்கு மாற்றினார்கள். நானும் ஒரு லட்டு வாங்கினேன், வாயில் வைக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். கேட்டில் நிறைமாதப் பெண் ஒருத்தி, பக்கத்தில் புருஷன். கட்டட வேலைக்கு வந்தவர்கள்.

"அக்கா, இங்கதான் பிரசவம் பாப்பாங்கன்னு சொன்னாங்க."

வராந்தா பெஞ்சில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை இறங்கியிருந்தது. லேபர் ரூமில் கண் மெஷின் வந்த அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். அவள் என் கையை விடவில்லை.

"அங்க யாராச்சும் தமிழ்ல பேசுவாங்களாக்கா?"

"நல்ல டாக்டருங்க இருக்காங்கம்மா" என்றேன். அவள் கேட்டது அதுவா?

மறுநாள் அவள் புருஷன் வந்தான். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. எல்லோரும் நன்றாகத்தான் கவனித்தார்களாம். ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல், பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் கதறியிருக்கிறாள்.

அவன் போனதும் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஜெபக்கூடம், பாய், இரண்டு பேரை ஒரு நாள் முந்தி வீட்டுக்கு அனுப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்டையே விரிப்புக்குப் பலி கொடுத்தேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். இந்த ஜன்னல்ல இருந்து ஜெபக்கூடம் தெரியும். எல்லாரும் தரையில உக்காந்திருந்ததைப் பாத்துட்டுத்தான் அவங்களைக் கூட்டிட்டு வார்டுக்கு வந்தேன்."

"அப்ப ஏன் டாக்டர் சொல்லல?"

"வார்டு அவ்வளவு அழகா இருந்துச்சு. அந்தப் பொம்பளைங்க கண்ணுல படாம இருந்தது நல்லதுதான்னு எனக்கும் தோணிடுச்சு."

நான் திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அவர் திட்டியிருந்தால் என் தப்பு என்னோடு போயிருக்கும். வராந்தாவில் நின்று அழுதேன். கண்ணுக்கு மருந்து விட்டுக் காத்திருந்த ஒரு பெரியவர், "யாரும்மா அழறது?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.