நேராகப் படுக்கச் சொன்னார்கள்

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஐந்தாம் மாதத்தில். ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் வேலை. மல்லியும் வத்தலும் மூட்டை மூட்டையாக இறங்கும் இடம். தூசியால் இருக்கும் என்று நினைத்தேன். மாமியாரிடம் சொன்னபோது, "வயித்துல பிள்ளை இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்ட்டி. எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார். அதுவே ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு படுக்க முடியாமல் போயிற்று. முதுகு பாயில் பட்டதும் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுகிற மாதிரி இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் விதுராவில் புது வீட்டில் பால் காய்ச்சினாள். போகாமல் இருக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது இருமல் வந்தது. நிற்கவேயில்லை. முந்தானையால் வாயைத் துடைத்தேன். ரோஸ் நிறத்தில் நுரை.

"கிடத்து சேட்டா, அவரெ கிடத்து" என்று, படுக்கவைக்கச் சொல்லி, பின்சீட்டுப் பெண்கள் மலையாளத்தில் சத்தம் போட்டார்கள். என் கணவர் என்னை மடியில் சாய்க்கப் பார்த்தார். படுத்தால் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு மூச்சு இல்லை. முழங்கையால் அவர் முகத்தில் இடித்தேன். மறுபடியும் இழுத்தார், மறுபடியும் இடித்தேன். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தபடி, அடுத்த வாய், அடுத்த வாய் என்று காற்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, எதிரே வந்த காரை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தூக்கி என்னை உட்கார வைத்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க். நுரையீரலில் தேங்கிய தண்ணீர் சிறுநீராக இறங்க ஊசி. நெஞ்சில் எக்கோ எடுத்த டாக்டர் என் வயதுப் பெண். மலையாளமும் தமிழும் கலந்து எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார்.

"லங்ஸுல காற்று எடுத்த ரத்தம் ஹார்ட்டோட இடது பக்கத்துக்கு வரணும். அங்கேயிருந்துதான் உடம்பு முழுக்கப் போகும். அந்த வழியில ஒரு வால்வு உண்டு. உங்களுக்கு அது சுருங்கிப் போச்சு. கடக்க முடியாத ரத்தம் பின்னாலே லங்ஸுலேயே தேங்கிக்கிடக்குது. அதிலேருந்து தண்ணி கசியுது. சின்ன வயசுல தொண்டைவலி, காய்ச்சல், முட்டு வீக்கம் வந்திருக்கோ?"

வந்திருக்கிறது. நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்திருக்கிறேன். முட்டி சரியானதும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது.

"பிள்ளை உண்டானா உடம்புல ரத்தம் கூடும். வால்வு அதே வால்வுதானே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். பேடிச்சா ஹார்ட் ஓடும். ஓடினா வால்வு திறந்திருக்கிற நேரம் குறையும். ரத்தம் இன்னும் தேங்கும், கேட்டோ?" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் உண்மையான பயம் வந்தது. பயப்பட்டால் மூழ்குவேன். மூழ்குவதைப் பற்றிப் பயப்படாமல் எப்படி இருப்பது? மானிட்டரில் என் இதயத் துடிப்பு ஏறுவதை நானே பார்த்தேன். பார்க்கப் பார்க்க இன்னும் ஏறியது.

என் கணவர் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிகள் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். வீட்டில் அதிகம் பேசாதவர். அன்று என் தலைமாட்டில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். "இன்னைக்கு நான் இல்ல. சாம்பாருக்குக் காயம் போட மறந்திருப்பானுவ. ஐடிக்காரப் பயலுவ அதையும் கண்டுபிடிக்கமாட்டானுவ." அவர் குரல் உடைந்துகொண்டே வந்தது. நர்ஸ், "சேட்டன் கரையுந்நெங்கில் புறத்து போ" என்று, அழுவதானால் வெளியே போகச் சொல்லி அதட்டினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசை மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஊசி மருந்தில் கொஞ்சம் தணிந்ததும் டாக்டர் சொன்னார்: தொடை ரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு, சுருங்கிய வால்வில் பலூனை ஊதி விரிக்க வேண்டும்.

"பிள்ளைக்கு?" என்றார் என் கணவர்.

"வயிற்றைச் சுத்தி ஈயக் கவசம் கட்டுவோம். ரிஸ்க் இல்லைன்னு சொல்ல மாட்டேன். செய்யாட்டி ரெண்டு பேருக்கும் ரிஸ்க்." கொஞ்சம் தயங்கி, "மேசையில நேரா படுக்கணும்" என்றார்.

மறுநாள் காலை அந்த மேசையில் படுத்தேன். உட்கார்ந்து தூங்கிய எனக்கு அதற்கு மேல் ஒரு தண்டனை இல்லை. தொடையை மட்டும்தான் மரக்க வைத்தார்கள். நினைவு முழுக்க இருந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. எழுந்திரு, எழுந்திரு என்று உடம்பு உதறியது. ஒரு நர்ஸ் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை உதைத்தது. அதற்கும் மூச்சு முட்டுகிறதோ என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் தாளம் தப்பித் தப்பி அடித்தது. "பலூன்" என்று யாரோ சொன்னார்கள். விளக்குகள் மங்கின. அவ்வளவுதான் என்று இருந்தேன்.

விளக்குகள் திரும்ப வந்தன. இருமினேன். அடுத்து இழுத்த மூச்சு உள்ளே போனது, இன்னும் உள்ளே போனது, அடி வரைக்கும் போனது. "எங்ஙனெ உண்டு, எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். இவர் ஸ்கேன் அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார், யாரும் அதட்டவில்லை.

மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள், ஒரு முழம்கூட இல்லாமல். கண்ணாடிப் பெட்டியில் கிடந்து தேறினாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பழைய காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி. போட்ட நாள் நொண்டிக்கொண்டுதான் நடப்பேன். வருடா வருடம் எக்கோ. போன எக்கோவில் டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். "வால்வு மறுபடியும் கொஞ்சம் சுருங்கத் தொடங்கியிருக்கு. இப்ப ஒண்ணும் செய்யண்டா, பார்க்கலாம்" என்றார். மகளின் ஸ்கூல் பஸ் வருகிற நேரம் ஆகியிருந்தது. வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம்.