ஐந்தாம் எண்ணின் பள்ளம்

போன மாதம் கொடைக்கானலில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். மண் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் சும்மா இருந்தால் ஊருக்கு ஆகாது என்று நினைத்திருக்கலாம். மதிப்பெண் படிவத்தில் நடுவர் கையொப்பத்துக்கு இடம் விடவில்லை. அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

சுவரில் ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் தனிமங்களின் அணு எண். கோட்டின் உயரம், பிரபஞ்சத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பது. ஒன்றாம் எண் ஹைட்ரஜனும் இரண்டாம் எண் ஹீலியமும் உச்சியில். ஆறாம் எண் கார்பனும் உயரத்தில்தான். நடுவே மூன்று, நான்கு, ஐந்தில் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. லித்தியம், பெரிலியம், போரான். விண்மீன்கள் இவற்றை ஆக்குவதைவிட அழிப்பதே அதிகம். நம்மிடம் இருக்கும் போரான், பெரிய அணுக்கள் விண்வெளியில் அடிபட்டுச் சிதறிய சில்லு.

ஐந்தைப் பார்த்ததும், மலைக்கிராமமான கவுஞ்சியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் நினைவுக்கு வந்தார்.

நான் பணியில் இருந்தபோது, ஒருநாள் முதல் பேருந்தில் வந்தார். ஒரு கையில் பழைய உரச்சாக்கில் கட்டிய மண், மறு கையில் காலிபிளவர். தண்டை நறுக்கிக் காட்டினார். உள்ளே பொள்ளல், சுற்றிலும் பழுப்பு.

"பூவெல்லாம் இப்படித்தேன் கெடக்கு சார். வெரசா பாத்துச் சொன்னீங்கன்னா அடுத்த நாத்து விட்டுருவேன்."

போரான் பற்றாக்குறை. பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் உரச்சாக்கில் வந்த மண்ணை ஏற்கக் கூடாது. சாக்கில் ஒட்டிய பொட்டாஷ் முடிவைக் கெடுக்கும். ஆய்வு இல்லாமல் பரிந்துரை தரவும் கூடாது. இரண்டும் விதி.

"நெழல்ல ஒணத்தி, துணிப்பையில அரைக் கிலோ கொண்டு வாங்கம்மா."

"சாக்கு சரியில்ல, சரி. பூ என்ன சார் பண்ணுச்சு? அதயாச்சும் பாருங்க."

"பூவுக்குப் படிவம் இல்லம்மா."

பூவை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. சாக்கில் ஒட்டிய பொட்டாஷுக்கும் போரானுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். பிரபஞ்சமே கஞ்சத்தனமாகக் கொடுத்த பொருள். நான் அதன் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை.

கண்காட்சிக்கு மறுவாரம் கவுஞ்சிக்குப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தேன். பூண்டுக்குக் களை கொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், பூவுக்குப் படிவம் வந்திருச்சா?"

அடுத்த போகமும் அப்படியே அழுகியதாம். கீழ்வயலை விடுதி கட்டுபவருக்கு விற்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் உரக்கடைக்காரர் ஒருவர் தண்டைப் பார்த்து, போரான் உப்பான போராக்ஸ் கொஞ்சம் போட்டால் போதும் என்றிருக்கிறார்.

"விடுங்க சார். அன்னைக்கு ஒங்களுக்கும் தெரியல. தெரிஞ்சா சொல்லாமலா இருந்திருப்பீங்க?"

தலையாட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"தெரியும்மா" என்றேன்.

கீழ்வயல் இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பஸ்ஸு ரெண்டு மணிக்கு. விட்டா சாயங்காலந்தேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகு காட்டி அடுத்த பாத்திக்குப் போனார்.