கக்கத்துக் கட்டைக்கு ஒரு மிஷின்

புருஷன் பரசுராமனோடு கடைக்குப் போவதென்றால் கெங்கம்மாவுக்குப் பெரும்பாடு. ஒரு முழம் கயிறு வாங்கக்கூட அந்த மனுஷன் கயிற்றையும் இழுத்துப் பார்ப்பான், கடைக்காரனின் பொறுமையையும் சேர்த்து இழுத்துப் பார்ப்பான். அன்றைக்கு வாங்கப் போனதோ மிஷின். 1954-ஆம் வருஷம், ராயபுரத்தில் வெள்ளத்துரையின் பழைய சாமான் கடை. கேட்கவா வேண்டும்!

பரசுராமன் ஹார்பரில் சரக்குப் பெட்டி அடிக்கும் தச்சனாக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன் கிரேனிலிருந்து அறுந்து விழுந்த இரும்புக்கட்டு அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைகளைக் கக்கத்தில் வைத்து நடந்தான். ஒரே வாரத்தில் கக்கம் இரண்டும் புண்ணாகிச் சீழ் வைத்தன. “இத்த செஞ்சவன் கக்கத்துல வெச்சுப் பாத்தானா?” என்று கட்டைகளைத் தூக்கி எறிந்தவன், தானே ஒரு ஜோடி செய்துகொண்டான். பார்த்தவர்கள் கேட்டார்கள். திருவொற்றியூரில் அவன் வீட்டுப் பின்கட்டு இப்படித்தான் பட்டறை ஆயிற்று.

ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ் டோரதியும் தன் நோயாளிகளுக்காகக் கேட்டாள். நாலு ஜோடி கொடுத்தான். இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தப்பு அவள் மேல் இல்லை. கட்டையின் தலையில், கக்கம் உட்காரும் இடம் உள்வாங்கி வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவுக்குள் இழைப்புளி போகாது. ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, புருஷனும் பெண்டாட்டியுமாக மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். கெங்கம்மாவின் விரல் நுனிகள் தோலுரிந்ததுதான் மிச்சம். கை சலித்த இடத்தில் சொரசொரப்பு நின்றுவிட்டது.

“நீங்க வெச்சிருக்கிற மாதிரியே பன்னிரண்டு ஜோடி, தீபாவளிக்குள்ள வேணும். முடியலைன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க, பரசு” என்றாள் டோரதி. வேறு ஆள் என்றால் யார்? அந்தப் பழைய கட்டைக்காரன்தான். அதை நினைத்தபோதே பரசுராமனுக்குக் கக்கம் எரிந்தது. கெங்கம்மாவின் மடியில் இருந்த காசுக்கு, மரம் தேய்க்கும் மிஷின் ஒன்றே ஒன்று வரும். தப்பான மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை.

வெள்ளத்துரை மேசைமேல் இரண்டு மிஷின்களை வைத்தார். இரண்டிலும் ஒரு சாண் உருளை செங்குத்தாக நின்றது; அதன்மேல் உப்புத்தாள் சுற்றியிருந்தது. சுவிட்சைப் போட்டால் உருளை சுற்றும், மரத்தைக் கொண்டுபோய் அதில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒன்று பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. மற்றது துருவேறிய கிழம். அதன் உருளை சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கியது.

“பச்சைய எடுத்துக்கிடுங்க. சத்தமே கேக்காது. அந்தக் கெழடு கடகடன்னு கெடந்து அடிக்கும். வேண்டாம்னு நானே சொல்லுதேன்” என்றார் வெள்ளத்துரை. பலகைத் துண்டு ஒன்றையும் கொடுத்தார். இரண்டுமே அதைக் கண்ணாடியாக்கின.

“பலகைல எல்லா மிஷினும் யோக்கியந்தான் அண்ணாச்சி. வளைவுல இன்னா செய்யிதுன்னு பாக்கணும்.”

“வளைஞ்ச மரத்துக்கு நான் எங்க போவேன்?”

பரசுராமன் யோசித்தான். பிறகு இடுப்பை மேசையில் சாய்த்துக்கொண்டு, இடது கக்கத்திலிருந்த கட்டையை உருவித் தலைகீழாகத் திருப்பி, அதன் வளைவைப் பச்சை மிஷினில் கொடுத்தான். ஐயோ பாவம்! கண் இமைப்பதற்குள் தீய்ந்த வாடை வந்தது. உருளை ஒரே இடத்தில் நின்று சுற்றியதில், நகம் புதையும் ஆழத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

“இன்னாயா, கீற காலயும் சீவிட்டியா?” என்றாள் கெங்கம்மா.

அவன் வலது கட்டையையும் உருவினான். வெள்ளத்துரை பதறிப்போனார். “நில்லுங்க, நில்லுங்க! கெட்டுப்போன கட்டையவே அதுலயும் வச்சுப் பாக்கலாம்லா?”

“கோடு வுயுந்ததுல இன்னா தெரியும்? ரெண்டுக்கும் ஒரே மாரி கட்டை குடுத்தாத்தான் ஞாயம்.”

“இதுவும் போச்சுன்னா வீட்டுக்கு எப்படிப் போவீங்க?”

“மிஷின ஏத்துற கைவண்டில இவரையும் ஏத்திக்கினு போறேன். நீ சுச்சப் போடு அண்ணாச்சி” என்றாள் கெங்கம்மா. அவள் கை அவன் இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தது.

பரசுராமனுக்குப் பயமில்லாமல் இல்லை. “நான் வுயுந்து பயகுனவன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரில கீறவங்க மொத மொத எய்ந்து நிக்கப்போறாங்க. அவங்க வுயக்கூடாது” என்றான்.

கிழட்டு மிஷின் மேசையையே உலுக்கியது. கடைவாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஏறி இறங்கிய உருளையில் அவன் கட்டையை மெல்ல மெல்ல நகர்த்தினான். புகை இல்லை, வாடை இல்லை. சுவிட்சை அணைத்ததும் கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு வளைவில் விரலை ஓட்டினாள். தோலுரிந்த விரலை ஏமாற்ற முடியாது. முன்னும் பின்னுமாக மூன்று தரம் தடவிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இத்தான்” என்றான் பரசுராமன்.

“சத்தம் போடும்னு பொறவு என்னையச் சொல்லக்கூடாது.”

“சத்தம் எங்க வூட்ல. கக்கம் அவங்களுது. நீ கட்டிக் குடு.”

கறுப்புக் கோடு விழுந்த கட்டை தோலை அறுக்க, தண்டையார்பேட்டை தாண்டிக் கைவண்டிக்குப் பின்னாலேயே நடந்தான். வண்டிக்காரன் எத்தனை சொல்லியும் ஏறவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் பன்னிரண்டு ஜோடியும் வார்டுக்கு வந்து சேர்ந்தன. முதல் ஜோடி ரயில்வே யார்டில் வேகனுக்குக் காலைக் கொடுத்த ஜெயவேலுக்கு. இருபத்திரண்டு வயது. இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். டோரதி தாங்கிப் பிடித்து நிறுத்தினாள். ஓரடி வைத்தான். இன்னொன்று வைத்தான். பரசுராமன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை; கக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயவேல் ஜன்னல்வரை போனான். வெளியே எட்டிப் பார்த்தான். “டேய், ரெண்டு கப்பல் வந்து நின்னுகினுகீது! எத்தினி நாளா கீது, ஒருத்தனும் சொல்லல?” என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

“கப்பல் இருக்கட்டும். கட்டை எப்படி இருக்கு?” என்று கேட்டாள் டோரதி.

“எந்தக் கட்டை?” என்றான் அவன், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே.

பரசுராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கெங்கம்மா அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

“அயுவறது அப்பறம். இன்னும் பதினோரு பேர் நிக்கணும். அடுத்த ஜோடிய எடுய்யா.”